தாத்தா பிடித்த சங்கிலி

1948ஆம் வருஷம் தை மாதம், அடையாறு முகத்துவாரத்தில் எங்கள் குப்பத்தில் நடந்த விசாரணைக்கு வந்திருந்தவர்கள்: ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம், அவருக்குக் குடை பிடித்த சேவகர் சுயம்புலிங்கம், மீன் விற்கும் முத்தம்மா, என் தம்பி ரகுபதி, தலைவன் என்ற முறையில் கோதண்டபாணியாகிய நான். சுற்றி நின்ற எண்பது குடும்பங்களின் பெயரையும் எழுதத் தாள் போதாது.

எங்கள் மணலுக்குப் பட்டா கிடைக்குமா, அல்லது மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமா என்பதே விசாரணை.

இன்ஸ்பெக்டர் எங்கள் கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து, எங்கள் இளநீரைக் குடித்துவிட்டு, எழுபது வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரர் வரைந்த படத்தை விரித்தார். அதில் எங்கள் இடம் ‘வெறும் மணல், குடியில்லை’ என்றிருந்தது. ஆகவே இங்கே யாரும் வசிக்கவில்லை என்று எங்களிடமே தெரிவித்தார்.

“அப்ப நீ குட்ச்ச எளநி யாரு வெட்னது, நைனா?” என்றாள் முத்தம்மா.

அது விசாரணையில் சேராது என்றார் அவர். வெள்ளைக்காரன்தான் கப்பலேறிவிட்டானே என்றான் ரகுபதி. ஆள் போனாலும் படம் அமலில் இருக்கிறதாம்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் நிலம் அளக்க வந்த துரைக்கு அளவுச் சங்கிலி நேராக ஓடக் குடிசைகள் இடைஞ்சலாக இருந்தன. என் தாத்தா எல்லப்பன் மரியாதை தெரிந்தவர். ஒரே இரவில் குடிசைகளைப் பிரித்து, ஜனங்களை ஆற்றுக்கு அக்கரையில் இருத்தி, சங்கிலியின் ஒரு முனையைத் தாமே பிடித்தார். துரை கண்டது வெறும் மணல், வரைந்ததும் அதையே. மறுநாள் குடிசைகள் திரும்பி வந்தன. படம் திரும்பவில்லை.

துரை அதற்காகத் தாத்தாவுக்குக் கொடுத்த நற்சான்றைத் தகரக் குழாயில் வைத்து, கல்யாணங்களில் மட்டும் எடுத்துக் காட்டுவோம். நாங்கள் அன்றே இங்கிருந்தோம் என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பெருமையோடு நீட்டினேன்.

இன்ஸ்பெக்டர் படித்துச் சொன்னார்: ‘எல்லப்பன் என்னும் மீனவன் சங்கிலியை ஒழுங்காகப் பிடித்தான். அளவில் பிழையில்லை.’

“படம் தப்புன்னு சொல்ல வந்தீங்க. பிழையில்லைன்னு உங்க தாத்தாவே சாட்சியா நிக்கிறாரே!” என்றார்.

சான்றைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். காலி செய்யும்படி உத்தரவு மூன்றாம் நாள் வந்தது.

“உங்க தாத்தா கொஞ்சம் தொளதொளன்னு புட்ச்சிருந்தா இன்னாவாம்?” என்று முத்தம்மா கேட்டாள்.

எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் அப்படிப் பிடித்ததில்லை என்று சொன்னேன்.

என் தாத்தா ஒரு காகிதத்துக்கும் ஒரு புட்டி பிராந்திக்கும் குப்பத்தையே கொடுத்துவிட்டார் என்று பாலவாக்கம் வரை பேசுகிறார்கள். தவறு. பிராந்தி கொடுக்கப்படவில்லை.