பூஸ்டர் வீட்டுக்காரர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் வீட்டு வாசலில் ஏணியைச் சாத்தி வைத்துக்கொண்டு ஒருத்தி செய்த வேலையிலிருந்து நான் திருடியது. அவள் பெயர் ஜீவிதா. ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்துப் பெண். வயது இருபத்தைந்து இருக்கலாம், கேட்கவில்லை. மைசூர் ஜெயலட்சுமிபுரத்தில் எங்கள் கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், பதினோரு வீடுகளுக்குப் பழைய கேபிளைக் கழற்றிவிட்டு ஃபைபர் போட வந்தாள். இன்டர்நெட்டும் டிவியும் இனி ஒரே கம்பியில்.

கம்பி என்று எழுதிவிட்டேன். கம்பி இல்லை, கண்ணாடி. தலைமுடி கனத்தில் ஓர் இழை, அதற்குள் ஒளி ஓடுகிறது. இதைக் கேட்டு வியப்படையாதவர்கள் அடுத்த கதைக்குப் போகலாம், நான் தடுக்கவில்லை.

கதை என்றால் யாருக்காவது எதையாவது இழந்துவிடுவோமோ என்ற பயம் வேண்டும். அதைக் கடைசிவரை ஒளித்து வைக்கும் வித்தை எனக்கு வராது, இப்போதே சொல்கிறேன். ஜீவிதாவுக்கு அது பரீட்சை நாள். அதுவரை அவள் கம்பெனி ஆபீசில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ‘மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள். எட்டு மாதம் விடாமல் கேட்டு வெளிவேலை வாங்கியிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் பதினோரு வீட்டு மோடத்திலும் பச்சை விளக்கு எரிந்தால், கண்ணாடி இழையை ஒட்டும் மெஷின் அவள் பொறுப்பில் வரும், இந்த ஏரியாவும் அவளுடையது. பத்து எரிந்தால் போதாது. மறுநாள் காலை மறுபடி ஹெட்போன்.

2

இனித் தொடக்கம். மூன்று எழுதினேன்.

‘மழை பிடித்துக்கொண்டது. ஏணி உச்சியில் நனைந்தபடி ஜீவிதா…’

மழை இல்லை. மொட்டை வெயில். கதாநாயகி கஷ்டப்பட வேண்டுமே என்று நானாகப் பெய்வித்த மழை. அடித்துவிட்டேன்.

‘பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஏணி என்று தெருவே சிரித்தது. அப்போது…’

யாரும் சிரிக்கவில்லை. எதிர் வீட்டம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

‘மெஷின் திடீரென்று…’

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் கஷ்டம் இதுதான், அவளுக்கு வேலை தெரியும். வேலை தெரிந்தவளை வைத்துக்கொண்டு கதை எழுதுவது லேசில்லை. முதல் வீட்டு வராந்தாவில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்தாள். இழையின் மேல்தோலை உரித்தாள். ஸ்பிரிட் தொட்ட காகிதத்தால் கீச்சென்று சத்தம் வரும்வரை துடைத்தாள். நுனியை நறுக்கினாள். இரண்டு நுனிகளையும் மெஷினுக்குள் எதிரெதிராக வைத்து மூடினாள். சின்னத் திரையில் இரண்டும் பருமனாகத் தெரிந்தன. ஒரு பொறி. அவ்வளவுதான், எங்கே ஒட்டியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் முப்பது வருடமாக இரண்டு வாக்கியங்களை ஒட்டப் பார்க்கிறேன், ஒட்டின இடம் பளிச்சென்று தெரிகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

[குறிப்பு: நறுக்கும்போது விழுந்த கண்ணாடித் துணுக்குகளை அவள் விரலில் சுற்றிய டேப்பில் ஒவ்வொன்றாக ஒட்டியெடுத்தாள். “கால்ல ஏறுச்சுன்னா தெரியாதுங்க சார். இந்த ஊட்ல கொழந்தை தவழுது,” என்றாள். எண்ணிப் பார்த்து, சரியாக இருந்த பிறகுதான் எழுந்தாள். இந்தத் துணுக்குகள் கதைக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை, அதனால் இங்கே கிடக்கட்டும்.]

3

எதிராளி ஒருவன் வேண்டும். பழைய கேபிள்காரர் நஞ்சுண்டசாமியைப் போடலாமா என்று பார்த்தேன். அவர்தான் இப்போது ஃபைபர் கம்பெனிக்கும் ஏஜென்ட். பதினோரு வீட்டிலும் சிரித்துப் பேசி அப்ளிகேஷன் வாங்கியவரே அவர்தான். ஆகவே ஓர் ஆளை நானே உண்டாக்கினேன். பெயர் ரங்கு.

ரங்கு வேலையிலிருந்து ரிட்டயரானவர். வீடு கிராஸின் நட்டநடுவில். பதினேழு வருடத்துக்கு முன் தெருவுக்குக் கேபிள் வந்தபோது பூஸ்டர் பெட்டியை அவர் வராந்தாவில் மாட்டினார்கள். கேபிளில் வரும் சிக்னல் பாதித் தெருவிலேயே இளைத்துப்போகும், நடுவில் அதைத் தூக்கிவிட ஒரு பெட்டி வேண்டும். பெட்டிக்குக் கரண்டு ரங்கு வீட்டுக் கரண்டு, பதிலுக்கு அவருக்குக் கேபிள் இலவசம். ஆக, இருபத்திரண்டு வீட்டு டிவி அவர் வீட்டு ஸ்விட்ச்சில் ஓடியது. படம் நின்றால் எல்லோரும் அவர் கேட்டுக்குத்தான் வருவார்கள். ‘சார், பூஸ்டர் ஆன்ல இருக்கா?’ ரங்குவுக்கு அதில் ஒரு

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பெருமை என்று போட்டால் குறைவாக இருக்கிறது. சந்தோஷம் என்று போட்டால் மானம் போகிறது.)

[குறிப்பு: ஒரு தடவை கிரிக்கெட் மேட்ச் கடைசி ஓவரில் ரங்கு வேண்டுமென்றே ஸ்விட்ச்சை அணைத்தார். நாலு நிமிஷத்தில் ஏழு பேர் வந்து நின்றார்கள். ‘எறும்பு புகுந்திருக்கும்’ என்று ஒன்றும் தெரியாதவர்போல் சொல்லிவிட்டு ஆன் செய்தார். ஏழு பேரும் அவர் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து மேட்ச்சைப் பார்த்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ரங்குவின் வாழ்க்கையில் அது நல்ல நாள்.]

ஃபைபருக்குப் பூஸ்டர் வேண்டாம். தெருவில் எங்கும் கரண்டே வேண்டாம், ஒளி தன்பாட்டுக்குப் போய்ச் சேரும். இருபத்திரண்டில் பாதிப் பேர் ஏற்கெனவே டிஷ்ஷுக்கும் போனுக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இந்தப் பதினோரு வீடுதான். அவையும் போனால் நஞ்சுண்டசாமி வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்.

காலை பத்து மணிக்கு ஜீவிதா ரங்குவிடம் வந்தாள். கிராஸ் முனையில் ஒரு கம்பம், பார்க் ஓரத்தில் ஒரு கம்பம். நடுவே தாங்கிக்கொள்ள ரங்கு வீட்டு மொட்டை மாடிச் சுவரில் ஒரு கொக்கி உண்டு.

“அந்தக் கொக்கில ஒரே ஒரு லைன் மாட்டிக்கட்டுங்களா சார்?”

“சுவர்ல விரிசல் இருக்கு. பாரம் தாங்காது,” என்றார் ரங்கு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொக்கியில் ஒன்பது கறுப்புக் கேபிள்கள் தொங்கின. விரிசல் எதுவும் இல்லை. அது இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது, அவளுக்குத் தெரிந்தது என்று ரங்குவுக்கும் தெரிந்தது.

“சரிங்க சார்,” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

4

இதுவரை எழுதியதைப் பத்மாஸினியிடம் காட்டினேன். என் மனைவி. முப்பத்தோரு வருடமாக என் முதல் வாசகி, பல கதைகளுக்கு ஒரே வாசகி. படித்து முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

“ஏன்னா, யாரு இந்த ரங்கு?”

“கற்பனைப் பாத்திரம்.”

“கற்பனையா? அந்தப் பொண்ணுகிட்ட விரிசல்னு சொன்னது யாரு? எறும்புன்னு சொல்லி ஏழு பேருக்குக் காப்பி போட வெச்சது யாரு? போட்டவ நான்.”

சரி. ரங்கு என்று யாரும் இல்லை. பெட்டி என் வராந்தாவில்தான். இருக்கிறது என்பதா, இருந்தது என்பதா, அதை இப்போது சொல்வதாக இல்லை. விரிசல் என்று சொன்னது வாமன் என்கிற நான்.

இந்தத் தெருவில் நான் எழுதுகிறவன் என்று யாருக்கும் தெரியாது. எழுதுவது தமிழ். எங்கள் கிராஸில் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கே கன்னடம்தான் படிக்க வரும். என் பெயர் இங்கே ‘பூஸ்டர் மனெ சார்’, பூஸ்டர் வீட்டுக்காரர். பதினேழு வருடத்தில் என் கதைக்காக என்னைத் தேடி வந்தவர் ஒரே ஒருவர், அவரும் விலாசம் மாறி வந்தவர். மற்ற எல்லோரும் பெட்டிக்காக வந்தார்கள். ஆனால் வந்தார்கள். கேட்டைத் திறந்து, செருப்பை விட்டு, ‘சார்’ என்று கூப்பிட்டார்கள். அது நின்றுவிடுமே என்ற பயத்தில், ஒரு பெண்ணின் பரீட்சை நாளில், நல்ல சுவரில் விரிசல் விட்டது என்று சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

இனி ரங்கு இல்லாமல்.

மைசூர்க்காரர்களுக்குக் கன்சர்வன்சி என்றால் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு வரிசை வீடுகளின் பின்புறங்களுக்கு நடுவே ஓடும் சந்து. குப்பை, முள்செடி, சாக்கடை, நாய். என் மாடியைத் தாண்டினால் நூற்றிருபது மீட்டரில் முடிந்திருக்கும் லைனை, ஜீவிதா அந்தச் சந்து வழியாகச் சுற்றி முந்நூறு மீட்டர் இழுத்தாள். கூட ஏணி பிடிக்க மாரிசாமி, ஐம்பது வயதுக்காரர். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

“அந்தாளு சும்மா சொல்றாரு பாப்பா. நஞ்சுண்டசாமிய விட்டு ஒரு வார்த்தை பேசச் சொன்னா வேலை முடிஞ்சுது.”

“வேண்டாமுங்ணா. அவரு ஊடு, அவரு செவுரு. நாமதான் சுத்திக்கோணும்.”

மூன்று மணிநேரம் வீண். முழங்கை வரை முள் கிழித்திருந்தது. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் ஒரு முறைகூட என் மாடியை அண்ணாந்து பார்க்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு அவள்மேல் வந்தது மரியாதை, வேறு சொல் தேடவில்லை.

மத்தியானம் பத்மாஸினி பின்கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். பரீட்சை, ஹெட்போன் எல்லாம் ஜீவிதா அவளிடம் சொன்னதுதான். நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

“நம்மாத்தையும் சேர்த்துத்தாம்மா பதினொண்ணு. நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவர்கிட்ட இன்னும் சொல்லலை.”

“ஏனுங்கம்மா?”

“அந்தப் பெட்டி போயிடுத்துன்னா அவரைக் கேட்டுண்டு யாரு வருவா? அதான், நாக்கு எழலை.”

ஜீவிதா தண்ணீரைக் குடித்து முடித்துச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். நான் திரைக்குப் பின்னால் இரண்டு செய்திகளை ஒன்றாகத் தெரிந்துகொண்டேன். பதினோராவது வீடு என்னுடையது. பத்மாஸினிக்கு எல்லாம் தெரியும்.

ஐந்தரைக்குள் பத்து வீட்டில் பச்சை விளக்கு எரிந்தது. இழந்த மூன்று மணிநேரத்தை அவள் எங்கிருந்து மீட்டாள் என்று எனக்குத் தெரியாது, மத்தியானம் சாப்பிடவில்லை என்று மட்டும் தெரியும். எதிர் வீட்டு டிவியில் பந்தின் தையல்கூடத் தெரிகிறதாம். பத்மாஸினி அதைப் பார்க்கப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்.

6

இங்கிருந்து என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) நான் ஓடிப்போய், “வாம்மா, கொக்கியில மாட்டிக்கோ” என்கிறேன். கண்ணில் நீர். பத்மாஸினி ஓரத்தில் எழுதினாள்: ‘லைன்தான் சுத்திப் போயாச்சே. இனிமே கொக்கி எதுக்கு? நீங்க அழுது நான் பார்த்ததும் இல்லை.’

(ஆ) மேற்பார்வைக்கு வந்த மஞ்சுநாத் மனமிரங்கிப் பத்தைப் பதினொன்று என்று எழுதிக்கொள்கிறார். மஞ்சுநாத் கல்நெஞ்சக்காரர் இல்லை, ஆனால் பொய் எழுதுகிறவரும் இல்லை. அவரைக் கெடுக்க எனக்கு உரிமை கிடையாது.

(இ) ஜீவிதா பெல் அடித்து, என்னை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கிறாள். இதற்காகத்தான் நான் உள்ளே காத்திருந்தேன். அவள் கோபப்பட்டால் நானும் கோபப்படலாம், கோபத்தில் எதையும் செய்துவிடலாம். நாலு வார்த்தைகளைக்கூட அவளுக்காக எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தன. அவள் வாயில் ஒட்டவில்லை.

7

நடந்தது இது.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். மஞ்சுநாத் ஸ்கூட்டரை என் கேட் முன்னால், ஜீவிதா நின்ற இடத்தில் நிறுத்தினார். கையில் அட்டை, அட்டையில் ஃபாரம், ஃபாரத்தில் பதினோரு கட்டங்கள். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்.

“எஷ்டு ஆயித்து ஜீவிதா? எத்தனை வீடு முடிஞ்சுது?”

“பத்துங்க சார்.”

“லைன் இவர் வீட்டுப் பின்வாசல் வரைக்கும் வந்திருக்கே. இன்னும் அரை மணி இருக்கு. பெல் அடி.”

அவள் கை கேட்டிலிருந்த பெல்லுக்குப் போனது. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள், நான் குனிந்துகொண்டேன். பெல் அடிக்கவில்லை.

“வேண்டாங்க சார். அவரு எழுதிக்கிட்டிருக்காருங்க. பதினேழு வருசமா அந்தப் பெட்டியப் பாத்துக்கிட்ட மனுசன். மனசு வராதப்போ போயிக் கழட்டுனா நல்லா இருக்காதுங்க. பத்துன்னே எழுதிக்கோங்க.”

“பத்துன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமல்லவா?”

“தெரியுமுங்க.”

மஞ்சுநாத் அட்டையை ஸ்கூட்டர் சீட்டில் வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

நான் எழுந்து கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். இதற்கு மேல் எழுதமாட்டேன். திறந்தேன் என்று எழுதினால், அவளுடைய நாளில் கடைசி அரை மணியில் நுழைந்து நான் நல்லவனாகிவிடுவேன். திறக்கவில்லை என்று எழுதினால், மறைக்காமல் எழுதினான் என்று அதற்கும் ஒரு பெயர் வாங்கிக்கொள்வேன். இரண்டும் எனக்கு வேண்டாம். இந்தக் கதையில் பாராட்டுக்குரிய ஆள் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள், கையில் முள் கீறல்களோடு, பையை மாட்டிக்கொண்டு.

கதவுக்கு உள்பக்கம் இப்போது நீங்களும் நிற்கிறீர்கள். மஞ்சுநாத் மெதுவாகத்தான் எழுதுவார். இந்தத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், மேலே தூக்கி இழுக்க வேண்டும்.