சம்பந்தம் போன காசி

செம்பின் வாயை அடைத்திருந்த ஈயத்தைக் கந்தசாமி திருப்புளியால் நெம்பிக்கொண்டிருந்தான். முப்பது வருஷமாகப் பூஜை அலமாரியில் உட்கார்ந்து குங்குமம் வாங்கிக்கொண்டிருந்த காசிச் செம்பு. கேட்டவுடனே வாயைத் திறந்துவிடுமா?

"பாத்துடா, கங்கைய கீழ கொட்டிடப்போற" என்றாள் ராஜாம்பாள். கட்டிலில் கடைசி மூச்சோடு கிடந்தார் சம்பந்தம்; அவருடைய அக்கா இவள். தம்பிக்கு எழுபது தாண்டியும் அவனை அதட்டுவதை விடாதவள், தம்பி மகனை விடுவாளா?

டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். செஞ்சிக் கடைத்தெருவில் பாதி, கூடத்தில் நின்றது. பேரன் பேத்தி எடுத்த மளிகைக்காரர், கடைசிப் பெண்ணையும் கரையேற்றியாகிவிட்டது. கல்யாணச் சாவுதான். யாரும் பெரிதாக அழவில்லை. மேளத்துக்குக்கூட ஆள் போயிருந்தது.

தலைமாட்டில் நின்ற அவர் மனைவி கண்ணம்மாள் மட்டும் செம்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செம்பில் இருப்பது கங்கைத் தண்ணீர் இல்லை. அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

யுத்தத்துக்கு முன்னால் காசி யாத்திரை என்று சொல்லிக்கொண்டு, செம்பும் கையுமாகத் தனியாகப் புறப்பட்டவர் சம்பந்தம். பட்டணத்தில் ரயிலுக்கு நேரமிருந்தது. சும்மா நடந்தவர், தலையில் மூட்டையோடு துறைமுகத்துக்குள் நுழைந்த ஒரு கூட்டத்தின் பின்னாலேயே போனார். கப்பல் ரங்கூன் போகிறது என்றார்கள். டெக்கில் இடம் வாங்கி ஏறிவிட்டார். ஏன் ஏறினீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ரங்கூனில் அவர் செய்தது ஒன்றே ஒன்று, நடந்தது. தமிழ் ஆட்கள் கடை வைத்திருந்த தெருவைக் கண்டால் அடுத்த தெருவில் புகுந்துவிடுவார். செஞ்சியில் கடையை விட்டு இறங்கினால் போதும், எங்கே கிளம்பிட்டீங்க, துவரம்பருப்பு வந்துடுச்சா என்று பத்துப் பேர் மறிப்பார்கள். அங்கே ஒரு ஜீவனுக்கும் அவரைத் தெரியாது. டிராம் மணி அடித்துக்கொண்டு போனது. பெண்கள் நடுவீதியில் சுருட்டுப் பிடித்தார்கள். பொன் வேய்ந்த கோபுரம் ஒன்று எந்தச் சந்தில் திரும்பினாலும் எட்டிப் பார்த்தது. செருப்பு தேய்ந்து அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

சித்திரை பிறந்த சமயம். திடீரென்று ஊரே தெருவுக்கு வந்து, போகிறவன் வருகிறவன் மேலெல்லாம் தண்ணீரை ஊற்றியது. அவர்கள் வருஷப்பிறப்பாம். ஒரு பெண் குடத்தோடு வந்து அவர் தலையில் கவிழ்த்துவிட்டு, கும்பிட்டுச் சிரித்தாள். அவர் செம்பை நீட்டினார். மிச்சத்தை அதில் ஊற்றினாள்.

திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். ஆனால் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே மாலையும் நாயனமுமாகக் கடைத்தெரு காத்துக்கொண்டிருந்தது. காசிக்குப் போனவர் காலில் கிழவர்கள் விழுந்து எழுந்த பிறகு எந்த வாயால் சொல்வது? அன்றைக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றிய கண்ணம்மாளிடம் மட்டும் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த குவளையைக் கீழே போட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்காத நாளில்லை, அவர் சொல்லாத தெருவில்லை. திண்டிவனம் தாண்டாத கண்ணம்மாளுக்கு ரங்கூனில் வழி தெரியும்.

ஊர் கேட்டபோதும் அவர் ரங்கூனைத்தான் சொன்னார், காசி என்று பெயர் வைத்து. இந்திக் கலவரம் ஓய்ந்த கையோடு நிஜமாகவே காசிக்குப் போய்வந்த ராஜாம்பாள் நேராகத் தம்பியிடம்தான் வந்தாள்.

"இன்னாடா, ஒரு டிராமக் காணோம், சுருட்டுப் புடிக்கிறவளக் காணோம்?"

"எடுத்துட்டாங்களோ இன்னமோ" என்றார் சம்பந்தம், பருப்பை நிறுத்துக்கொண்டே.

அந்த ராஜாம்பாள் கொண்டுவந்த செம்பு பக்கத்திலேயே அவள் வீட்டில் இருக்கிறது. அசல் கங்கை. கண்ணம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடும். சொல்லாவிட்டால் யாரோ ஒருத்தி ஊற்றிய குடத்துத் தண்ணீரோடு போய்ச் சேருவார். போகிற இடத்தில் ஏற்றுக்கொள்வார்களா? அவள் கங்கையை நம்புகிறவள். அவளுக்குப் பயமாக இருந்தது.

ஈயம் விட்டுக்கொண்டது. கந்தசாமி செம்பை அம்மாவிடம் நீட்டினான்.

அவள் குனிந்து அவர் காதோடு கேட்டாள். "இன்னாங்க, அண்ணி வூட்டுச் செம்பக் கொண்டாரச் சொல்லட்டுமா?"

சம்பந்தம் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அப்போ நம்மளுது?"

வாய் திறந்தது, அவ்வளவு பெரிதாக. கண்ணம்மாளுக்குப் பயமெல்லாம் எங்கோ போயிற்று. சிரிப்பு வந்தது.

ஊற்றினாள். ஒரு மிடறு இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், முகம் மலர்ந்திருந்தது. அடுத்தது கடைவாயில் வழிந்து கழுத்துக்கு ஓடிற்று.

"நைனா" என்றான் கந்தசாமி.

ராஜாம்பாள் தம்பியின் கண்களை மூடிவிட்டு ஒருபாட்டம் அழுதாள். அழுது முடித்ததும் செம்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"முப்பது வருசம். ஒரு பூச்சி இருக்குதா, ஒரு வாட இருக்குதா? அதான் கங்க! குடு கண்ணம்மா, எல்லாருக்கும் ஆளுக்கொரு சொட்டு."

கூடம் முழுக்கக் கைகள் நீண்டன. கண்ணம்மாள் செம்பின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"தர மாட்டேன் அண்ணி. எனக்கு வேணும்."

"உனக்கு இப்ப இன்னாடி அவசரம்? அப்பிடியே வந்தாலும் என் செம்பு இருக்குதில்ல? ரெண்டு பேருக்கும் தாராளமா காணும்."

"அது உங்களுக்கு இருக்கட்டும். எனக்கு அவரு போன ஊருதான்."

புருஷனோடு கைலாசம் சேர ஆசைப்படுகிறாள் என்று ராஜாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டாள். நீண்டிருந்த கைகளும் கும்பிட்டன.

"கந்தசாமி, ஈயம் பத்தவெக்கிறவன வரச் சொல்லு. இன்னிக்கே அடச்சிடணும்."

தெருவில் மேளம் எடுத்த எடுப்பிலேயே துரிதத்தில் பிடித்தது. கண்ணம்மாள் அவர் கால்மாட்டில் செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகிறாள், விடுங்கள் என்று பெண்கள் விலகி நின்றார்கள். புடவைக் கரைக்குள் அவள் கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.