அறையில் சொல்லாத வார்த்தை

ஆலோசகருக்குத் தன் கொள்கைகள்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரிய மருத்துவமனை ஒன்றில் எட்டு வருடம் மனநலப் பிரிவில் வேலை பார்த்தவள். அங்கே கோப்புகள் வரவேற்பு மேசையில் திறந்தே கிடக்கும், யாராவது அவற்றின்மேல் டீ கிளாஸை வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு பெண் அழுது அழுது அவளிடம் சொன்ன விஷயத்தை மறுநாள் லிஃப்டில் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு போனதைக் காதால் கேட்டாள். அந்த வாரமே வேலையை உதறிவிட்டு, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இரண்டு அறைகளைப் பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்கினாள்.

அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக வேறொரு கதவு. அழுது சிவந்த கண்ணோடு போகிறவரை அடுத்து வருகிறவர் பார்க்கக் கூடாது. கோப்புகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். தெருவில் எதிரே வந்தால்கூட அவளாக முகம் கொடுக்கமாட்டாள், அவர்களாகப் பேசினால்தான் பேசுவாள். இதனாலேயே திமிர் பிடித்தவள் என்று தெருவில் பெயர் வாங்கியிருந்தாள். காத்திருக்கும் அறையில் ஏழு கொள்கைகளை எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். முதல் கொள்கை இது: இந்த அறையில் நீங்கள் சொல்வது இந்த அறையைத் தாண்டாது, உங்கள் காலத்துக்குப் பிறகும்கூட. ஒரு உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்றால் மட்டும் விலக்கு.

நூற்றுப் பதினேழாம் எண்ணுக்குரிய பெண் சாலை விபத்தில் இறந்துபோய் மூன்று வாரம் கழித்து, அவளுடைய அம்மா வந்தாள். மகளின் கைப்பையில் ஆலோசகரின் அட்டை இருந்ததாம். ஐந்து வருடமாகத் தாய்க்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டை விட்டுப் போனவள் பிணமாகத்தான் திரும்பி வந்தாள் என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஆலோசகர் முதல் கொள்கையைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அம்மா கேட்டபாடில்லை. மறுபடி வந்தாள், மறுபடியும் வந்தாள். மூன்றாம் முறை அம்மாவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எல்லாத்தையும் சொல்ல வேண்டாம் டாக்டர். என்மேல கோபத்தோட போனாளான்னு மட்டும் சொல்லுங்க. அது தெரியாம என்னால ஒரு வாய் சோறு இறக்க முடியல."

கோபம் என்பது சின்ன வார்த்தை. பதினான்கு வயதில் அந்த மகள், தாய்மாமா தன்னிடம் நடந்துகொள்ளும் விதத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கிடைத்தது கன்னத்தில் ஓர் அறை. என் தம்பியைப் பற்றி நாக்கில் நரம்பில்லாமல் பேசாதே என்று ஒரு பாட்டும் கூடவே. வளர்ந்து வேலைக்குப் போனதும் வீட்டை விட்டு வெளியேறினாள். அதற்குப் பிறகு அம்மாவுக்கே மனசு உறுத்தியதோ என்னவோ, தம்பியை வீட்டுப் பக்கம் சேர்க்கவில்லை. வீட்டில் பத்து வயதில் ஒரு கடைக்குட்டி இருந்ததால், ஆலோசகர் மாதம் தவறாமல் மகளிடம் இதைக் கேட்பாள்; அவள் பக்கத்து வீட்டில் விசாரித்துச் சொல்வதை வைத்து, மாமா அங்கே வருவதில்லை என்று உறுதி செய்து கோப்பில் எழுதிவைப்பாள். மற்றபடி, வந்துபோன பதினான்கு மாதத்தில் அந்த மகள் அம்மாவை அம்மா என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. 'அந்தப் பொம்பள' என்றுதான் சொல்வாள்.

எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பொம்பளையைப் பார்த்து ஆலோசகருக்கு மனசு கேட்கவில்லை.

"கோபம் எதுவும் இல்லம்மா. பழசையெல்லாம் விட்டுட்டாங்க. உங்ககிட்ட திரும்பி வரணும்னுதான் சொல்லிட்டிருந்தாங்க."

அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஆலோசகர் தனக்குத்தானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டாள். மகள் சொன்ன எதையும் அவள் வெளியே விடவில்லை. சொல்லாத ஒன்றைத்தான் சொன்னாள். ஆகவே முதல் கொள்கை பத்திரம். படித்தவர்களுக்கு இந்த வசதி உண்டு, செய்த தப்புக்கு நல்ல தமிழில் நியாயம் கிடைத்துவிடும். மாதம் ஒரு முறை, தொழிலில் வரும் சிக்கல்களை மூத்த ஆலோசகர் ஒருவரிடம் ஒளிக்காமல் சொல்வது அவளுடைய ஐந்தாம் கொள்கை. அந்த மாதம் எல்லாவற்றையும் சொன்னாள், இதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் அம்மா மறுபடி வந்தாள். இந்த முறை முகத்தில் களை இருந்தது. கூடவே கடைக்குட்டி, பள்ளிச் சீருடையில். அவர்களுக்குப் பின்னால், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு மனிதர். கடைக்குட்டியின் புத்தகப் பையை அவர்தான் தோளில் மாட்டியிருந்தார். அவர் சுவரில் இருந்த ஏழு கொள்கைகளையும் நின்று நிதானமாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம். இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பார்க்கிறாங்க."

அம்மா, இவன்தான் என் தம்பி என்றாள். ஆலோசகர் அம்மாவை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

அம்மா மடமடவென்று சொல்லிக்கொண்டே போனாள். அன்றைக்கு நீங்கள் சொன்ன பிறகுதான் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. மகள் பழசையெல்லாம் விட்டுவிட்டாள் என்றால், சின்ன வயதில் ஏதோ விவரம் தெரியாமல் சொன்னதுதானே அது? அதைப் போய் நம்பி, கூடப் பிறந்தவனை ஐந்து வருடம் வாசலோடு நிறுத்திவைத்தேனே என்று அழுதாள். இப்போது அவனை வரவழைத்து மாடி அறையைக் கொடுத்திருக்கிறாள். கடைக்குட்டியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது, கூட்டி வருவது, பாடம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவன்தான்.

ஆலோசகர் விலக்கைப் பயன்படுத்தினாள். மகள் சொன்னதை, சொல்ல வேண்டிய அளவுக்கு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். அது விவரம் தெரியாத பேச்சு இல்லை, கடைசி வரை அதை அவள் மாற்றிச் சொன்னதில்லை, இந்தக் குழந்தையை நினைத்துத்தான் பயந்தாள் என்றாள்.

அம்மா அசையாமல் கேட்டாள். பிறகு எழுந்தாள்.

"அன்னிக்குச் சொன்னது பொய்யா, இல்ல இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னிக்குச் சொன்னதும்மா. உங்களைப் பார்க்க முடியாம சொல்லிட்டேன்."

"என் மக என்கிட்ட வரணும்னு சொன்னது பொய்யா?"

ஆலோசகரால் உடனே வாயைத் திறக்க முடியவில்லை. அந்த ஒரு நொடி அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது.

"அது பொய்யா இருக்க முடியாது. இதுதான் பொய். எங்க குடும்பம் ஒண்ணு சேர்ந்தது உங்களுக்குப் பொறுக்கல."

வெளியே போகும் கதவை விட்டுவிட்டு, வந்த கதவு வழியாகவே போனாள். மூன்று பேரும் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

ஆலோசகர் உடனே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் புகார் கொடுத்தாள். மறுநாள் அங்கிருந்து ஒரு பெண் அதிகாரி கோப்பைப் பார்க்க வந்தாள். முந்தைய நாளே அந்த வீட்டுக்குப் போய்வந்திருந்தாள்.

"அந்தம்மா உங்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுறாங்க மேடம். பொண்ணு எல்லாத்தையும் மறந்து மன்னிச்சிட்டான்னு நீங்களே சொன்னீங்களாமே. உங்க கோப்பு ஒண்ணு சொல்லுது, உங்க வாய் ஒண்ணு சொல்லியிருக்கு. எது உண்மைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, இன்னிக்கே அவரை அங்கிருந்து வெளியேத்திடலாம். ஒரு நகல் அந்தம்மாவுக்கும் போகும்."

உரிமம் போகும் என்பது ஆலோசகருக்குத் தெரியும். அதற்காகப் பேனா தயங்கவில்லை. அம்மா என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை என்பதை எழுத வேண்டிய இடத்தில்தான் கை ஓடவில்லை. அந்தத் தாய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பதை நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் எழுதினாள்: 'தாயிடம் திரும்பிப் போக அவர் விரும்பியதில்லை. தாயைப் பற்றி அன்பாக ஒரு சொல்லும் சொன்னதில்லை. நான் தாயிடம் சொன்னது நானாகக் கட்டிய பொய்.'

அதிகாரி வாங்கிப் படித்தாள். காகிதத்தை ஆலோசகர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"பெத்தவங்க படிக்கப்போறாங்க மேடம். ஆறுதலா ஏதாவது ஒரு வரி சேர்த்துக் கொடுத்திடுங்களேன்."

"அதைத்தான் போன மாசம் கொடுத்தேன்" என்று சொல்லி ஆலோசகர் கையெழுத்துப் போட்டாள்.