உப்புத் தின்ற வாரம்

ரத்தம் பொருந்தினால் என் சிறுநீரகத்தில் ஒன்றை அப்பாவுக்குக் கொடுப்பேன், பொருந்தாவிட்டால் யாரும் என்னை எதுவும் கேட்கக் கூடாது. இதுதான் நான் ஆண்டவரோடு போட்ட ஒப்பந்தம். தனியாகப் போடவில்லை. அம்மாவின் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில், எங்கள் வீட்டு முன்னறையில், எட்டுப் பெண்கள் முழங்காலில் நிற்கும்போது சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள்.

நான் அழவில்லை. என் கைப்பையில் கல்லூரி ரத்ததான முகாமில் கொடுத்த அட்டை இருந்தது. பி பாசிட்டிவ். அப்பாவுக்கு ஓ பாசிட்டிவ். ஓ குரூப்காரருக்கு ஓ குரூப்பில்தான் எடுக்க முடியும் என்று எனக்குத் தெரியும். முழங்காலில் நின்ற எட்டுப் பேருக்கும் தெரியாது. பதிலைப் பையில் வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் கேள்வி கேட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் படிப்பு இதற்குத்தான் உதவியது.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட் வந்தது. ஓ பாசிட்டிவ். முகாமில் எவனோ அரைத் தூக்கத்தில் அட்டை எழுதியிருக்கிறான்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "பாத்தியாடி, அவர் பதில் சொல்லிட்டார்."

அன்றிலிருந்து இடது விலாவுக்குக் கீழே என் கை தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. நான் பெயின்ட் கம்பெனியில் நிறம் சோதிக்கிறவள். இரண்டு தகடுகளை விளக்குக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒன்றா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கை தகட்டில், ஒரு கை விலாவில். பக்கத்து மேசைக்காரி வாயுத் தொல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அறுவை சிகிச்சை எப்படி நடக்கும் என்று ஒரு வீடியோ போட்டேன். நாற்பது நொடி பார்த்தேன். அப்புறம் கழிவறைக்கு ஓடினேன்.

அப்பா முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் வீட்டு லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கியவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில். மூன்று மாதமாக அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் அவள் கொடுக்க முடியாது. அண்ணனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மூட்டை தூக்குகிற வேலை, அதனால் அவனைக் கேட்கக் கூடாது. அண்ணன் டயர் கிடங்கில் மேற்பார்வையாளன். மூட்டை தூக்குவது அவன் இல்லை. தூக்குகிறவர்களைப் பார்த்துக் கத்துவதுதான் அவன் வேலை. அதற்குச் சிறுநீரகம் ஒன்றே தாராளம். இதை நான் வீட்டில் சொன்னபோது அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்தது பிரஷர். ரத்த அழுத்தம் அதிகம் இருப்பவர்களிடம் எடுக்க மாட்டார்கள் என்று படித்தேன். உடனே மறுபடி ஜெபம் செய்தேன். ஆண்டவரே, என் பிரஷர் ஏறியிருந்தால் அது உமது சித்தம் என்று எடுத்துக்கொள்கிறேன். சொல்லிவிட்டு அவரை நம்பிச் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் உப்புத் தின்றேன். மூன்று வேளையும் ஊறுகாய், நடுவில் சிப்ஸ், காலையில் வெந்நீரில் ஒரு கரண்டி உப்பு. விரல் வீங்கி மோதிரம் கழற்ற வரவில்லை. தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பரிசோதனை நாளன்று நர்ஸ் பட்டையைக் கழற்றிவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு இருக்கிற பிரஷர் உங்களுக்கு, கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றாள். நூற்றுப் பத்துக்கு எழுபது.

இருபத்து நாலு மணி நேரச் சிறுநீரையும் ஒரு கேனில் பிடித்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். துணிப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியில் சுமந்துகொண்டுபோய்க் கொடுத்தேன். அது என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நினைக்கவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி மேடம் கூப்பிட்டார். தானம் கொடுப்பவர்களின் காகிதங்களையும் அவர்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சின்ன அறை, பாதி மறைத்த கண்ணாடிக் கதவு. மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு சிறுநீரகம், நடுவில் பிரித்து மூடலாம். அம்மாவும் என்னோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மேடம் ஒரு தாளை அம்மாவிடம் கொடுத்து, கீழே போய் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். அம்மா போனாள்.

"அந்த ஜெராக்ஸ் எனக்கு வேணாம். கீழ கூட்டமா இருக்கும், அவங்க வர நேரமாகும்" என்றார் மேடம். பிறகு ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பினார். "உப்பு ரொம்பப் பிடிக்குமா?"

நான் மேசையிலிருந்த பிளாஸ்டிக் சிறுநீரகத்தைப் பிரித்து மூடினேன்.

"இதுல வந்திருக்கற உப்பு ஒரு ஆளு சாப்பிட்ட மாதிரி இல்லம்மா. ஒரு கல்யாண வீடே சாப்பிட்ட மாதிரி இருக்கு. பதினோரு வருஷமா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். உப்பு தின்னுட்டு வந்தவங்க, தூங்காம வந்தவங்க, பிரஷர் பாக்கறதுக்கு முன்னாடி மாடிப்படில ஏறி எறங்கிட்டு வந்தவங்க, எல்லாரையும் பாத்தாச்சு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"தர இஷ்டமில்லன்னா சொல்லு. மருத்துவக் காரணத்தால தகுதி இல்லைன்னு ஒரு கடிதம் குடுத்துடுவோம். என்ன காரணம்னு உங்கம்மா கேட்டாலும் சொல்ல மாட்டோம், உங்கப்பா கேட்டாலும் சொல்ல மாட்டோம். வியாழக்கிழமைக்குள்ள சொன்னா போதும்."

அப்பாவுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். டயாலிசிஸ் தொடரும், இறந்தவர்களிடமிருந்து கிடைக்கிறதா என்று வரிசையில் காத்திருப்பார், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார். கிடைக்கும் என்று சொல்லி என்னை ஏமாற்றவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்திருந்தது.

வெளியே வந்தேன். இதுதான் அடையாளம் என்று நினைத்தேன். ஆண்டவர் கடைசியில் கதவைத் திறந்துவிட்டார். ஸ்தோத்திரம் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ரத்தம் பொருந்தியபோது இது அடையாளம் என்று நான் சொல்லவில்லை. பிரஷர் சரியாக இருந்தபோதும் சொல்லவில்லை. அவர் ஆம் என்று எத்தனை முறை சொன்னாலும் இன்னொரு முறை கேட்பேன். இல்லை என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டால் அத்தோடு ஜெபத்தை முடித்துக்கொள்வேன். இதற்குப் பேர் வழிநடத்துதலைத் தேடுவதாம்.

ஜெபக்கூட்டத்தை நடத்தும் அக்காவிடம் போனில் கேட்டேன், விஷயத்தைச் சொல்லாமல். ஆண்டவருடைய சித்தம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மனதில் ஒரு சமாதானம் வரும், அதுதான் அத்தாட்சி என்றார். செவ்வாய் முழுக்கக் காத்திருந்தேன். சமாதானம் வரவில்லை, வயிற்றுப்போக்கு வந்தது. கொடுக்கிறேன் என்று நினைத்தால் கத்தி, மயக்க மருந்து, கண் திறக்காமலே போவது. கொடுக்கவில்லை என்று நினைத்தால் அந்தக் கடிதம். அம்மா அதையும் நெஞ்சோடு வைத்துக்கொள்வாள். என் பொய்க்கு ஆண்டவரைச் சாட்சியாக்கி எட்டுப் பெண்கள் மறுபடி முழங்காலில் நிற்பார்கள். இரண்டு பக்கமும் பயம்தான். எந்தப் பயம் அவரிடமிருந்து வருகிறது என்று யாரைக் கேட்பது?

புதன்கிழமை மாலை வேலை முடிந்து படி ஏறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அப்பா சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு கை சுவரில். மூச்சு விசில் அடித்தது.

"வயரிங் சரியில்ல. எந்த மடையன் போட்டானோ" என்றார்.

வயரிங்குக்கு ஒன்றும் இல்லை. நான் ஆமாம்ப்பா என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். மீட்டருக்குள் சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம். மூன்று நிமிடம் இருக்கும். அவர் மூச்சு கொஞ்சம் அடங்கியதும், சரி, நாளைக்குச் சொல்லிச் சரிபண்ணலாம் என்று படியில் கால் வைத்தார். வீங்கிய கால்.

அந்த இடத்தில் எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. மனசு லேசாகவும் இல்லை. அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இவர் பக்கத்தில் நின்று பொய்யாக மீட்டரைப் பார்க்க என்னால் முடியாது என்று மட்டும் தெரிந்தது. கொடுக்கப் பயம். ஆனால் கொடுக்காமல் இருக்க எனக்கு விருப்பமில்லை. மேடம் கதவைத் திறந்து வைத்திருக்காவிட்டால் இந்த இரண்டாவது விஷயம் எனக்குத் தெரிந்தே இருக்காது. தள்ளுகிற கைகளை எதிர்த்து நிற்பதிலேயே என் பலம் முழுக்கப் போயிருந்தது. இதைச் சொன்னது ஆண்டவரா, நானா? தெரியவில்லை. கேட்ட குரல் என்னுடையதுபோல்தான் இருந்தது.

வியாழக்கிழமை மேடத்திடம் தருகிறேன் என்றேன். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். அதே கேள்வியை வேறு வேறு விதமாக மூன்று தடவை கேட்டார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகூட வேண்டாம் என்று சொல்லலாம் என்றார். தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டேன். என் பெயரே கோணலாக வந்தது.

அம்மா வெளியே நடைவழியில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். அவள் கை உயர்ந்தது. "ஆண்டவர் அன்னைக்கே சொன்னாரே."

"அவர் சொல்லலம்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, உப்பு, கடிதம். அறைவாள் என்று கன்னத்தைத் தயாராகவே வைத்திருந்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்படிச் சொல்லாதடி. அவர் சொன்னதாவே இருக்கட்டும்."

"ஏம்மா?"

"அவர் சொன்னார்னா, உனக்கு ஏதாவது ஆச்சுன்னாலும் அவர் பாத்துக்கணும். இல்லன்னா நான்தானே உன்னக் கொண்டுவந்து விட்டேன்."

இத்தனை நாளும் அவளுடைய விசுவாசம் என்று நான் நினைத்து எரிச்சல்பட்டது இந்தப் பயத்தைத்தான். அண்ணனிடம் ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். கேட்காமல் விட முடியவில்லை.

"கேட்டேன்டி. ஆண்டவர் காட்டட்டும், ஜெபிச்சுட்டுச் சொல்றேன்னான். இன்னும் ஜெபிச்சிட்டுதான் இருக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இந்த ஒரு மாதத்தில் முதல்முறையாகக் கேட்டாள்.

"இதுல குடுக்கறவங்க செத்துப்போவாங்களா?"

"பத்தாயிரம் பேர்ல மூணு பேர்."

"அந்த மூணு பேருக்கும் அம்மா இருந்திருப்பா இல்ல."

ஜெபிக்கலாம் என்று அவள் சொல்லவில்லை.

டயாலிசிஸ் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு அன்றைக்கு முடிந்துவிட்டது. ஊசியை எடுத்த பிறகு பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது எப்போதும் அம்மாவின் வேலை. அன்றைக்கு அவள் கை நிற்கவில்லை. நான் பிடித்தேன். ஊசி குத்துவதற்காகக் கையில் பெரிதாக்கி வைத்திருக்கும் அந்த ரத்தக் குழாய், தோலுக்கு அடியில் வண்டு மாதிரி அதிர்ந்தது. முதல்முறையாக அதைத் தொடுகிறேன்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்பா" என்றேன்.

அப்பா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில் மெஷின் இரண்டு தடவை கத்தி அடங்கியது.

"வேணாம்னு சொல்லணும்னு மூணு மாசமா நெனைக்கறேன் பாப்பா. வாய்கிட்ட வந்து நின்னுடுது."

"ஏன்பா?"

"சாவுக்குப் பயம்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எனக்கும்தான்ப்பா என்றேன். இன்னும் நாலு நிமிடம், விரலை எடுக்காதீர்கள் என்று டெக்னீசியன் அடுத்த கட்டிலிலிருந்து சொன்னார். எடுக்கவில்லை. பஞ்சுக்கு அடியில் எதுவோ நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் ரத்தமா, என் விரலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.