நார்சிசாவின் வலது பிட்டம்

நடைப்போட்டி பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் சிரிக்கத்தான் வருகிறார்கள். ஓடாமலும் சும்மா நடக்காமலும், இடுப்பை வெட்டி வெட்டி ஒருத்தி போனால் சிரிப்பு வரும்தான். ஆனால் என் அக்கா நார்சிசாவைப் பார்த்து எங்கள் குவென்காவில் யாராவது சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் எக்வடோர் அணிக்காக நடந்தவள் அவள்.

முப்பத்து நான்கு வயதில் அவளுக்குச் சிவப்பு அட்டை விழ ஆரம்பித்தது. இந்தப் போட்டியின் சட்டம் ஈவிரக்கம் இல்லாதது. முன்னே வைத்த கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முட்டி மடங்கக் கூடாது. மடங்கினால் வழியோரம் நிற்கும் நடுவர் அட்டை எழுதிவிடுவார். மூன்று நடுவர்கள் எழுதினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அடுத்தடுத்து இரண்டு போட்டிகளில் அக்காவை வெளியே அனுப்பினார்கள். இரண்டு முறையும் வலது முட்டி.

அவளுடைய கோச் எஃப்ராயின் மனதில் ஒன்றை வைத்து வெளியே ஒன்றைப் பேசத் தெரியாத ஆள்.

"தேர்வுப் போட்டி நம்ம ஊர்லயே நடக்குது நார்சிசா. அதுலயும் வெளிய போனா அணியில உன் பேரைச் சொல்ல ஆள் இருக்காது. வயசும் ஆவுது. புரியுதா?"

"எனக்குப் புரியுது கோச். முட்டிக்குத்தான் புரிய மாட்டேங்குது."

முட்டிக்கு என்னென்னவோ செய்து பார்த்தார்கள். படம் எடுத்தால் எலும்பு பழுதில்லாமல் இருந்தது. பட்டை ஒட்டினார்கள், பனிக்கட்டி வைத்தார்கள். எங்கள் சித்தி, ஊர் நாட்டு வைத்தியப்படி, ஒரு கினிப்பன்றியை உயிரோடு பிடித்து முட்டியில் தேய்த்துவிட்டாள். பாவம், கினிப்பன்றிதான் பயந்து செத்தது.

நான் தலைநகரில் இயன்முறை மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள். நீண்ட லீவுக்கு ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, சந்தையில் இருவரும் சுட்ட பன்றியும் வேகவைத்த சோளமும் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அக்காவின் செருப்பில் கல் புகுந்துவிட்டது. வலது காலில் நின்றுகொண்டு இடது செருப்பைக் கழற்றி உதறினாள். ஒரு பக்கக் கயிறு அறுந்த ஊஞ்சல் பலகை மாதிரி அவளுடைய இடது இடுப்பு கீழே இறங்கியது.

"அக்கா, அசையாத. அப்படியே நில்லு."

"நடுத்தெருவுல ஒத்தக் கால்ல நிக்க நான் என்ன கொக்காடி?"

"இப்பக் கால மாத்து."

இடது காலில் நின்றபோது இடுப்பு அசையவே இல்லை. மறுபடி வலது காலில் நிற்கச் சொன்னேன். மறுபடி சரிந்தது.

"உனக்கு முட்டியில ஒண்ணும் இல்லக்கா. கோளாறு குண்டியில இருக்கு."

"மெதுவாப் பேசுடி. பாதிரியார் வர்றாரு."

பிட்டத்தில் மூன்று தசைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது பெரியது. நாம் படி ஏறுவதும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதும் அதன் தயவில். ஊர் திரும்பிப் பார்ப்பதும் அதைத்தான். அதன் மறைவில், இடுப்பின் பக்கவாட்டில் விசிறியாக விரிந்து, தொடையெலும்பின் உச்சியைப் பிடித்திருப்பது நடுத்தசை. அடியில் இருக்கும் சிறியது அதற்குக் கைத்துணை. வலது கால் தரையிலும் இடது கால் காற்றிலும் இருக்கும்போது, இடது இடுப்பு சரியாமல் இழுத்துப் பிடிப்பது வலப்பக்கத்து நடுத்தசை. அது அசந்தால் இடுப்பு சரியும், தொடை உள்ளே திரும்பும், முட்டி தாங்காமல் மடங்கும். வேலை செய்யாதவன் ஒருவன், திட்டு வாங்குகிறவன் இன்னொருவன். முட்டியின் கதை அதுதான்.

இத்தனை பேர் பார்த்தும் ஏன் தெரியவில்லை? நடைப்போட்டிக்காரியின் இடுப்பு இறங்கி ஏறத்தான் வேண்டும். அசையாமல் போனால் கோச்சே திட்டுவார். அந்த இடுப்பாட்டத்துக்குள் இந்தச் சரிவு ஒளிந்துகொண்டது. வேறு எந்த விளையாட்டாக இருந்தாலும் எப்போதோ பிடிபட்டிருக்கும்.

"அங்க எப்பவாவது அடிபட்டுச்சா?"

"அடியெல்லாம் இல்ல. மழைக்காலத்துல காய்ச்சல் வந்துச்சே, மருந்துக்கடையில சத்து ஊசி போட்டுக்கிட்டேன். அதுல ஒண்ணு சுள்ளுனு இழுத்துச்சு."

எங்கள் ஊரில் தும்மல் வந்தாலே போதும், மருந்துக்கடைத் திரைக்குப் பின்னால் போய்ப் பாவாடையை இறக்கிவிடுவோம். பிட்டத்தை மனதுக்குள் நான்காகப் பிரித்து, மேலே வெளிப்பக்கமாக ஊசி போட வேண்டும். அக்கா தொட்டுக் காட்டிய இடம் நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. நடுத்தசைக்குப் போகிற நரம்பு அந்தப் பக்கமாகத்தான் வருகிறது. நரம்பு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். சோதித்துப் பார்த்தவர், நரம்பு அறுபடவில்லை, மெல்லத் தேறும், தசையைத் தூங்கவிடாதீர்கள் என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கோச் நம்பவில்லை.

"சிவப்பு குடுத்தது முட்டிக்கு. நீ பின்னாடி போய்த் தேடுற."

"முட்டிய விடுங்க கோச். பந்தயத்துக்கு முன்னாடி அவ ஒத்தக் கால்ல நேரா நிக்காட்டி, நான் பாடம் நடத்துறதையே விட்டுடறேன்."

அக்கா சமையலறையில் தொடைகளுக்கு மேல் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தாள். பிள்ளைகள் பின்னாலேயே நண்டு நடை நடந்து உருண்டு சிரித்தார்கள். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கினாள். முன்தொடைத் தசை குறுக்கே புகுந்து வேலையைப் பிடுங்கிக்கொள்ளும்போதெல்லாம் தட்டிவிட்டேன். முதலில் என் விரலுக்கடியில் ஒன்றுமே எழவில்லை. அக்கா ஒரு நாள் கோபத்தில் பட்டையைச் சுவரில் அடித்துவிட்டு அழுதாள். நானும் பயந்துதான் போயிருந்தேன். பிறகு ஒரு காலையில், தசை என் விரலை மேலே தள்ளியது.

"துடிக்குதுக்கா!"

"எனக்கும் தெரியுதுடி. ஐயோ, தெரியுது!"

தேர்வுப் போட்டி நாள். முதல் மூன்று பேருக்கு அணியில் இடம். பாதித் தூரத்தில் அக்கா நான்காவதாக இருந்தாள். திருப்பத்தில் ஒரு நடுவர், முட்டி மடங்குகிறது என்பதற்கு அடையாளமாக மடங்கிய கோடு போட்ட மஞ்சள் பலகையைக் காட்டி எச்சரித்தார். அடுத்த சுற்றில், அறிவிப்புப் பலகையில் அவள் எண்ணுக்கு எதிரே ஒரு சிவப்பு. பிறகு இரண்டாவது.

"முட்டி! முட்டிய நீட்டு!" என்று கோச் தொண்டை கிழியக் கத்தினார். முட்டி என்று கேட்டதும் அக்காவின் உடம்பு இறுகியது, நடை இன்னும் கெட்டது. எனக்கு வெறி வந்துவிட்டது. கம்பித் தடுப்பின் மேல் ஏறினேன்.

"அக்கா! முட்டிய மற! குண்டி! வலது குண்டி!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்தவர்களே அடுத்த சுற்றில் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். காய்கறிக்காரிகள், போலீஸ்காரர், தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்க வெள்ளை உடுத்திய பிள்ளைகள், தெரு முழுக்க ஒரே கோஷம்: "வ-ல-து குண்-டி! வ-ல-து குண்-டி!" கோச்சும் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு அதையேதான் கத்தினார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தோள் தளர்ந்தது. இடுப்பு இறங்கி, இறங்கியதுமே நிமிர்ந்தது. முட்டி தானாக நீண்டது. மூன்றாவதாக இருந்தவளைத் திருப்பத்தில் தாண்டினாள், இரண்டாவதாக இருந்தவளை நேர்ச்சாலையில்.

இரண்டாவதாகக் கோட்டைத் தொட்டாள். ஆனால் எங்கள் விளையாட்டில் கோட்டைத் தொட்டதும் யாரும் குதிப்பதில்லை. முடித்த பிறகும் தலைமை நடுவர் வந்து சிவப்புப் பலகையை நீட்டலாம். அவர் வந்தார், பலகை கையில் இருந்தது. அக்கா மூச்சு வாங்க அவரையே பார்த்தாள். தெரு அடங்கிவிட்டது. அவர் அவளைக் கடந்து போய், பலகையைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

அந்தச் சத்தத்துக்குத்தான் ஊர் காத்திருந்தது போல வெடித்தது. நான் தடுப்பைத் தாண்டி ஓடினேன். கோச் அழுதுகொண்டே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தார்.

"உக்காரு நார்சிசா, உக்காரும்மா. கால் நடுங்குது பாரு."

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டாள்.

"உக்கார மாட்டேன் கோச். என்னைய நிக்க விடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."