மைனர்களின் நலன் கருதி

கோபம் வராமல் என்ன செய்யும்? வக்கீல் ஆபீஸ் மேஜை முன்னால் என் தங்கை புருஷன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பரிசு வாங்க வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

தங்கை போய் மூன்று வருஷம். அப்பா போனது போன மாசம். அப்பா வீட்டில் அண்ணனுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒன்று, தங்கையின் பங்கு அவள் பிள்ளைகளுக்கு. பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஆறு. அந்தப் பங்கு வேண்டாம், விட்டுக்கொடுக்க அனுமதி தாருங்கள் என்று கோர்ட்டுக்கு மனு. கையெழுத்துப் போடப் போகிறவர் பெற்ற அப்பன்!

எல்லாம் அண்ணன் வேலை. "மாமனார் சொத்துல கை வைக்க மாட்டேங்கிறாரே, மாப்பிள்ளைன்னா இவருதான்!" என்று நாலு பேர் முன்னால் ஐஸ் வைத்தான். மாப்பிள்ளை லாரி மெக்கானிக். ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டார். அந்த மனுஷன் இந்த ஐஸில் குளிர்ந்து போய்விட்டார்.

"மூணு பங்கு ரெண்டாயிடும். உனக்கும் லாபம்தானே, வாயை மூடிக்கிட்டு இரு," என்று அண்ணன் என் காதைக் கடித்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ளை, படிச்சீங்களா?"

"எதுக்குக்கா? மச்சான் பார்த்துட்டாரு. எனக்கு ரோஷம் இருக்கு. மாமனார் வீட்டுக் காசுல என் பசங்க வளர வேணாம்."

"ரோஷம் உங்களுது, பங்கு பசங்களுது! அவ்வளவு தாராளம்னா உங்க அப்பா வீட்டுல உங்க பங்கை எழுதிக் கொடுங்களேன்! மூணடி சந்துக்காக உங்க தம்பிமேல கேஸ் போட்டவருதானே நீங்க?"

குமாஸ்தா தட்டச்சை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை முகம் சிவந்தது.

"அந்த ரெண்டாவது பத்தியை மட்டும் சத்தமா படிங்க. அப்புறம் போடுங்க."

படித்தார். மகள் பெயர், வயது. மகன் பெயர், வயது. "மேற்படி மைனர்களின் நலன் கருதி, அவர்களுடைய தாயார் வழி வந்த..."

தாயார் என்ற இடத்தில் குரல் உடைந்தது. மேலே படிக்கவில்லை.

"வக்கீல் நடை அப்படித்தான் மாப்பிள்ளை, போடுங்க," என்று அண்ணன் பேனாவை அவர் பக்கம் தள்ளினான்.

"இதுல என்ன நலன் மச்சான்?"

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "குடும்பத்தைக் கெடுக்க வந்தியா? இனிமே நீ எனக்குத் தங்கச்சியே இல்ல!"

வலிக்கத்தான் செய்தது. கூடப் பிறந்தவன் ஆயிற்றே. ஆனாலும் விடவில்லை.

"ரெண்டு தங்கச்சி பங்கையும் ஒழுங்கா பிரிச்சுக் கொடுத்துட்டு அப்புறம் தலை முழுகு."

மாப்பிள்ளை பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு, கிரீஸ் போகாத கையை அண்ணன் முன்னால் நீட்டினார்.

"வீட்டுச் சாவியில ஒண்ணு கொடுங்க மச்சான். என் பசங்களுக்கு."