நுரை அடங்கிய தொட்டி

"கடைச் சரக்கெல்லாம் நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வேணாம் சம்பந்தி, பீர நானே காய்ச்சுறேன்" என்று ஐவின்ட் மார்தட்டி மூன்று வாரமாகிறது. சனிக்கிழமை மகள் சீனேவாவுக்குக் கல்யாணம். இன்று வியாழன். பீர் தொட்டியில்தான் இருக்கிறது. ஆகிவிட்டதா, இல்லையா? அதுதான் தெரியவில்லை.

நார்வேயில் இந்த ஹோர்னின்டால் பக்கம் இதற்கெல்லாம் கருவி வைத்துப் பார்க்கிறவர் யாருமில்லை. புளித்துப் பொங்கிய நுரை படுத்துவிட்டால் பீர் ஆகிவிட்டது. பீப்பாயில் ஊற்றித் தக்கை அடிக்க வேண்டியதுதான். அவசரப்பட்டால் பீப்பாய் தக்கையைத் துப்பிவிடும், ஆறப்போட்டால் பீர் சப்பென்று போய்விடும். இதெல்லாம் ஐவின்டுக்குத் தெரியாதா என்ன? அந்தப் பாழாய்ப்போன நுரை ஒரு நிலையில் நின்றால்தானே!

காலையில் மாட்டுக்குத் தீனி வைக்கப் போகும்போது ஒரு சாண் உயரம் நின்றது. திரும்பி வந்தால் துளிகூட இல்லை. ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார். இனிக்கிற மாதிரியும் இருந்தது, கசக்கிற மாதிரியும் இருந்தது. நாலாவது கரண்டிக்கு நாக்கு மரத்துவிட்டது. தொட்டியில் காதை வைத்தார். சுர்ரென்றது. தொட்டிதானா, இல்லை தன் காதேதானா? பதினோரு மணிக்கு நுரை மறுபடி நாலு விரல் ஏறியிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், மறுபடி காணோம்!

"அட கடவுளே, எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா, புத்தி கெட்டுப்போச்சா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். இன்னும் யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பீரைப் பீப்பாய்க்கு மாற்றி, நிலவறையில் வைத்து, தக்கையை ஓங்கி அடித்தார். ருசி பார்க்க வரச்சொல்லி ஊருக்கும் ஆள் அனுப்பியாயிற்று.

முதல் ஆளாகப் பக்கத்துப் பண்ணை ரான்வெய் வந்தாள். வாயெல்லாம் பல்.

"அண்ணே, உங்க வீட்டு ஈஸ்ட்டு சும்மா சொல்லக்கூடாது. காலைல போட்டேன், அதுக்குள்ள எங்க தொட்டி பொங்கி வழியுது!"

"எங்க வீட்டு ஈஸ்ட்டா?"

ஐவின்ட் மனைவியைப் பார்த்தார். ஓட்னி காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, நுரையிலதானே ஈஸ்ட்டு இருக்கு, காலைல இவளுக்கு வழிச்சுக் குடுத்தேன். மத்தியானம் இவ மச்சினன் ஜாடியோட வந்து நின்னான், அவனுக்கும் குடுத்தேன்."

"அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"நல்லாருக்கே! அக்கம்பக்கத்துல ஈஸ்ட்டு கேட்டு வந்தா இல்லேங்கிற வழக்கம் இந்த ஊர்ல உண்டா? இதுக்குப் பஞ்சாயத்து வேற கூட்டணுமாக்கும்."

நிலவறையில் டமாரென்றது.

மூவரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தக்கை மேலே உத்தரத்தில் மோதி எங்கேயோ விழுந்திருந்தது. பீப்பாய் வாயிலிருந்து பீர் பொங்கிக் கொட்டியது. ஐவின்ட் உள்ளங்கையால் பொத்தினார். விரலிடுக்கில் பீய்ச்சி முகமெல்லாம் தெறித்தது. உதட்டை நக்கினார். சர்க்கரைப் பாகு தோற்றது, அப்படியொரு இனிப்பு. இன்னும் ஒரு நாளாவது இது புளித்து அடங்க வேண்டும். அதற்குள் பாதிகூட மிஞ்சுமோ என்னவோ.

ஈரச் சட்டையோடு மேலே போய்ச் சம்பந்தி ஹால்வருக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி... சனிக்கிழமைக்குக் கடை பீரே சொல்லிடுங்க. என்னோடது இன்னும் ஆகல."

ஹால்வர் இழுத்தார்.

"நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்கக் கூடாது சம்பந்தி. நானே காய்ச்சுறேன்னு சொன்னீங்கல்ல, அன்னிக்கு சாயங்காலமே போயி வாங்கி வெச்சிட்டேன்."

"ரொம்ப நன்றி" என்றார் ஐவின்ட். மகள் கல்யாணம் தப்பித்தது என்று மூச்சு விடுவதா, மானம் போயிற்று என்று அழுவதா என்று புரியாமல், போனைக் காதில் வைத்தபடியே நின்றார்.